இரு ஹிஜ்ரத் செய்த அம்மையார் அஸ்மா பின்த் உமைஸ் (ரலி)

மீலாது மேடைகளில் சஹாபாப் பெண்மணிகளின் சரித்திரம் பேசப்படும்பொழுது கதீஜா நாயகி, ஆயிஷா நாயகி, பாத்திமா நாயகி (ரலியல்லாஹு அன்ஹுன்ன) ஆகிய மூவரின் திருநாமங்களே பெரும்பாலும் நம் செவிகளில் விழுகின்றன. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாத்திமா நாயகியின் இறுதி நோயில் அருகிருந்து பணிவிடை செய்தவரும், முதலாம் கலீபாவின் மையித்தைத் தம் கைகளால் குளிப்பாட்டியவரும், நான்காம் கலீபாவின் இல்லத்தில் வாழ்ந்து பிள்ளைகளை வளர்த்தவருமான ஓர் அம்மையாரின் பெயரைச் சொன்னால், நம்மவரில் பலர் அபூபக்கர் (ரலி) அவர்களின் மகளார் அஸ்மாவையே நினைத்துக் கொள்கிறார்கள். அவர் வேறு, இவர் வேறு. நாம் எழுதப் புகுந்தது உமைஸின் மகளார் அஸ்மா (ரலி) அவர்களைப் பற்றி.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சென்ற மாதம் நமக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருத்தி நம் கடைக்கு வந்து ஒரு காரியம் கேட்டாள். அது இன்னதென்று பின்னால் சொல்லுவோம். அன்று அவளுக்குத் திருத்தமாகப் பதில் சொல்ல நமக்கு நா எழவில்லை. இரவு கடை அடைத்த பிறகு, மதரஸாவில் ஓதிய நாளில் உஸ்தாது சொல்லித் தந்த இந்த அம்மையாரின் வரலாறு நினைவுக்கு வந்தது. கிதாபுகளை எடுத்துப் புரட்டினோம். அதன் பலன்தான் இக்கட்டுரை.

அஸ்மா (ரலி) அவர்கள் கஸ்அம் கோத்திரத்தவர். தந்தையார் உமைஸ், தாயார் ஹிந்த் பின்த் அவ்ஃப். இத்தாயார் இரு கணவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவர். ஹாரிஸ் என்பவர் மூலம் மைமூனாவும் உம்முல் பள்லும் பிறந்தார்கள். உமைஸ் மூலம் அஸ்மாவும் ஸல்மாவும் பிறந்தார்கள். மருமக்கள் வாய்த்த பாக்கியத்தில் இந்த அம்மாவுக்கு ஈடு சொல்ல அரபு நாட்டிலேயே ஆளில்லை என்று சரித்திரக்காரர்கள் வியந்து எழுதுகிறார்கள். அந்த மருமக்களைப் பாருங்கள்: நாயகம் (ஸல்) அவர்கள், அன்னாரின் சிறிய தந்தையர் அப்பாஸ், ஹம்ஸா, பிறகு ஜஅபர், அபூபக்கர், அலீ (ரலியல்லாஹு அன்ஹும்).

இந்த மகள்மாரின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. ஸல்மாவின் கணவர் ஹம்ஸா (ரலி) 625-ல் உஹதுப் போரில் ஷஹீதானார்கள். பின்னர் ஸல்மா, ஷத்தாத் பின் அல்ஹாத் என்பவரை மணந்தார்கள். மைமூனா (ரலி) அவர்களின் முதல் மண வாழ்வு தலாக்கில் முடிந்தது. இரண்டாம் கணவர் இறந்து போனார். அதன் பின், ஹிஜ்ரி 7-ல், நாயகம் (ஸல்) அவர்கள் உம்ரா முடித்துத் திரும்புகையில் மக்காவுக்கு அருகே ஸரிஃப் என்னுமிடத்தில் அவர்களுடன் இல்லறம் தொடங்கினார்கள். பல்லாண்டு கழித்து அதே ஸரிஃபில்தான் மைமூனா (ரலி) அவர்கள் வபாத்தாகி அடக்கம் செய்யப்பட்டார்கள். தாய்க்கு இரு மணம். மகள்மார் மூவருக்கும் முதல் மணம் கலைந்து மறுமணம். அந்தக் குடும்பத்தை யாரும் முகம் சுளித்துப் பார்த்ததாக ஒரு வரிகூட நம் கண்ணில் படவில்லை.

அஸ்மா (ரலி) மக்காவில் இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களிலேயே ஈமான் கொண்டார்கள். கணவர், அபூதாலிபின் மகனார் ஜஅபர் (ரலி). உருவத்திலும் குணத்திலும் நாயகத்தை ஒத்திருப்பதாக நாயகமே புகழ்ந்த பெரியார் அவர். குறைஷிகளின் தொல்லை பொறுக்க முடியாமல் போனபொழுது கணவனும் மனைவியும் அபிஸீனியாவுக்குக் கடல் கடந்தார்கள். அங்கே நஜ்ஜாஷி மன்னரின் சபையில் ஜஅபர் (ரலி) எழுந்து நின்று முஸ்லிம்களுக்காக வாதாடிய வரலாறு நம் பிள்ளைகளும் அறிந்தது. அந்நிய நாட்டில், புரியாத மொழிக்கு நடுவே, பன்னிரண்டு ஆண்டுகளைப் போல் குடித்தனம் நடத்தி, அப்துல்லாஹ், முஹம்மத், அவ்ன் என்ற மூன்று ஆண் மக்களைப் பெற்று வளர்த்தவர் அஸ்மா (ரலி) என்பது மட்டும் மேடைகளில் சொல்லப்படுவதில்லை.

628-ல், கைபர் வெற்றியின் சமயத்தில், அவர்கள் கப்பலேறி மதீனா வந்து சேர்ந்தார்கள். ஜஅபரைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், கைபரின் வெற்றியா, ஜஅபரின் வருகையா, எது தமக்கு அதிக மகிழ்ச்சி என்று சொல்லத் தெரியவில்லை என்றார்கள்.

வந்த புதிதில் நடந்த ஒரு சம்பவம் புகாரி ஷரீஃபில் பதிவாகியிருக்கிறது. ஹப்ஸா நாயகியைப் பார்க்க அஸ்மா (ரலி) சென்றிருந்தார்கள். அங்கே வந்த உமர் (ரலி) அவர்கள், யார் இது, அந்த அபிஸீனியாக்காரியா, கடல் கடந்து வந்தவளா என்று கேட்டு, ஹிஜ்ரத்தில் நாங்கள் உங்களை முந்திக்கொண்டோம், நாயகத்திடம் உங்களைவிட எங்களுக்கே அதிக உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அஸ்மாவுக்கு வந்ததே கோபம்! நீங்கள் நாயகத்தின் நிழலில் இருந்தீர்கள், உங்களில் பசித்தவருக்கு அவர்கள் உணவளித்தார்கள், அறியாதவருக்கு உபதேசம் செய்தார்கள். நாங்களோ தூர தேசத்தில் அச்சத்திலும் துன்பத்திலும் கிடந்தோம். இதை நாயகத்திடம் சொல்லாமல் உண்ணவும் மாட்டேன், பருகவும் மாட்டேன் என்று ஆணையிட்டுவிட்டார்கள். நாயகம் (ஸல்) கேட்டுவிட்டு அளித்த தீர்ப்பு: உமருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத், கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு. அதன் பிறகு கப்பலில் வந்த தோழர்கள் கூட்டம் கூட்டமாக அஸ்மாவின் வீட்டுக்கு வந்து, அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் போனார்களாம். ரஜூலாக் கப்பலின் மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து இக்கரை வந்தவர்களின் மக்களும் பேரர்களும் நாம். கடல் கடந்தவள் என்ற சொல்லின் கனம் நமக்குப் புரியாமலிருக்குமா?

ஹம்ஸா (ரலி) அவர்களின் மகளை யார் வளர்ப்பது என்று அலீ, ஜஅபர், ஸைத் (ரலி) மூவரும் போட்டியிட்டபொழுது, பெண்ணின் சிறிய தாயார் அஸ்மா ஜஅபரின் வீட்டில் இருக்கிறார், தாயின் சகோதரி தாய்க்குச் சமம் என்று சொல்லி நாயகம் (ஸல்) அப்பெண்ணை அங்கேயே ஒப்படைத்தார்கள். சொந்தப் பிள்ளைகள் மூன்றுடன் அநாதைப் பெண் ஒன்றும் சேர, வீடு நிறைந்திருந்தது. மதீனா வந்து இன்னும் ஒன்றரை ஆண்டு முழுதாக ஆகவில்லை.

629-ல் மூத்தா யுத்தம் வந்தது. ரோமப் படையை எதிர்த்து, ஸைதுக்குப் பின் கொடியை ஏந்திய ஜஅபர் (ரலி) இரு கைகளையும் இழந்து ஷஹீதானார்கள். உடலில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட காயங்களை எண்ணியதாக இப்னு உமர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள்.

மதீனாவில் அன்று காலை அஸ்மாவுக்கு ஒன்றும் தெரியாது. நாற்பது தோல்களைப் பதனிட்டு முடித்திருந்தார்கள். ரொட்டிக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார்கள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, சுத்தமாக்கி வைத்திருந்தார்கள். கணவர் திரும்பும் நாளை எதிர்பார்க்கும் எந்த வீட்டிலும் நடக்கிற வேலைதான். நாயகம் (ஸல்) அவர்கள் வந்து, ஜஅபரின் பிள்ளைகளை அழைத்து வரச் சொல்லி, அவர்களை அணைத்து முகர்ந்தார்கள். கண்கள் கலங்கின. அஸ்மா பதறி, ஜஅபரைப் பற்றி ஏதும் செய்தியோ என்று கேட்டார்கள். ஆம், இன்று ஷஹீதாகிவிட்டார் என்று நாயகம் சொன்னார்கள். அஸ்மா அலறினார்கள், பெண்கள் ஓடி வந்து கூடினார்கள். நாயகம் (ஸல்) தம் வீட்டாரிடம் போய், ஜஅபரின் குடும்பத்தாருக்கு உணவு சமையுங்கள், அவர்களுக்கு இன்று வேறெதையும் நினைக்க முடியாத துயரம் வந்துவிட்டது என்றார்கள். நம்மவர்கள் மௌத்து வீட்டுக்கு அக்கம்பக்கத்திலிருந்து சோறு ஆக்கி அனுப்புகிறோமே, அந்த ஸுன்னத்தை அஸ்மாவின் வீட்டு வாசலிலிருந்துதான் நாம் பெற்றோம்.

சோறு அனுப்புகிற அந்தப் பாதியை நாம் பிடித்துக்கொண்டோம். மறுபாதியை விட்டுவிட்டோம்.

மூன்று நாள் கழித்து நாயகம் (ஸல்) மீண்டும் வந்து, நாவிதரை வரவழைத்துப் பிள்ளைகளின் தலைமுடியை இறக்கச் செய்தார்கள். இவர்கள் தகப்பனில்லாப் பிள்ளைகளாகிவிட்டார்களே என்று அஸ்மா கவலைப்பட்டபொழுது, இம்மையிலும் மறுமையிலும் இவர்களுக்கு நானே வலீயாக இருக்க, இவர்களுக்கு வறுமை வரும் என்றா அஞ்சுகிறாய் என்று தேற்றினார்கள். ஆக, பிள்ளைகளின் பொறுப்பை நாயகமே ஏற்றுக்கொண்டார்கள். அப்படியிருந்தும், இனி இந்தத் தாய்க்கு என்ன வேண்டியிருக்கிறது, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை.

இத்தா நான்கு மாதம் பத்து நாள். அந்தத் தவணை முடிந்த பின் அப்பெண் தன் விஷயத்தில் முறையோடு எதைச் செய்துகொண்டாலும் உங்கள்மீது குற்றமில்லை என்பது பகரா சூராவின் தீர்ப்பு. இத்தா நடக்கும்பொழுதே மணம் பேசி முடிவு செய்வதற்குத்தான் தடை. மனத்தில் இருக்கும் எண்ணத்தை ஜாடையாக உணர்த்துவதற்குக்கூடத் தடையில்லை. நம் ஊர்களிலோ இத்தாவை ஒரு நாளும் குறையாமல் எண்ணுகிறோம். எண்ணி முடித்த மறுநாள் அந்தக் கதவு திறக்க வேண்டும் என்பதை மறந்துவிடுகிறோம். இது மார்க்கத்தில் வந்ததன்று. ஊர் வழக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

அஸ்மாவை மணமுடித்தவர் அபூபக்கர் சித்தீக் (ரலி). அப்பொழுது அறுபதை நெருங்கிய வயது அவருக்கு. அக்கால வழக்கப்படி வேறு மனைவியும் உண்டு. ஜஅபர் உயிருடன் திரும்பி வருவார் என்று மாவு பிசைந்து வைத்திருந்த பெண், வேறொரு வீட்டில் மறுபடியும் அடுப்பு மூட்டினார்கள். 632-ல், நாயகத்தின் இறுதி ஹஜ்ஜுக்காக மதீனாவிலிருந்து எல்லோரும் புறப்பட்ட சமயம் அஸ்மா நிறை கர்ப்பிணி. வீட்டில் தங்கவில்லை. துல்ஹுலைஃபாவை அடைந்ததும் பிரசவமாகி, முஹம்மத் பின் அபீபக்கர் பிறந்தார். இனி ஹஜ்ஜுக்கு என்ன செய்வது என்று நாயகத்திடம் கேட்டனுப்பினார்கள். குளித்து, துணி கட்டிக்கொண்டு, இஹ்ராம் அணியும்படி பதில் வந்தது. பிள்ளை பெற்ற பெண்கள் இஹ்ராம் அணிவது பற்றிய சட்டம் அன்று பிறந்த அந்தக் குழந்தையோடு சேர்ந்தே நமக்குக் கிடைத்தது. மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போகும் நம் ஹாஜிமார் பீர் அலீயில் பஸ்ஸை விட்டு இறங்கி இஹ்ராம் உடுத்துகிறார்களே, அதுதான் அந்த இடம்.

அதே ஆண்டில் நாயகம் (ஸல்) மறைந்தார்கள். ஆறு மாதத்தில் பாத்திமா நாயகியும் நோயுற்றார்கள். மையித்தைப் பலகையில் கிடத்தி மேலே ஒரு துணியைப் போர்த்தினால் பெண்ணின் உடல் வடிவம் தெரிகிறதே என்று அந்த நாயகி வருந்தினார்கள். அஸ்மா அபிஸீனியாவில் கண்டதை நினைவுகூர்ந்து, பச்சைப் பேரீச்ச மட்டைகளை வளைத்துக் கட்டி, அதன்மேல் துணியை விரித்துக் காட்டினார்கள். பாத்திமா நாயகி மனம் மகிழ்ந்தார்கள் என்று சரித்திரத்தில் வருகிறது. நம் பள்ளிவாசல்களில் பெண் மையித்துக்கு மூடிய சந்தூக்கை எடுக்கும்பொழுது, கடல் கடந்து போய் ஒரு பெண் கற்று வந்தது அது என்று யாருக்கு நினைவிருக்கிறது?

634-ல் அபூபக்கர் (ரலி) நோயில் விழுந்தார்கள். தம்மைக் குளிப்பாட்ட வேண்டியவர் அஸ்மா என்று வஸிய்யத் செய்தார்கள். நாட்டை ஆண்ட கலீபா, தம் உடலைக் கடைசியாகத் தொடும் கரம் இந்த மனைவியின் கரமாக இருக்க வேண்டும் என்று விரும்பினார்கள். நாம் இதற்குமேல் விளக்கம் எழுதப் போவதில்லை. அன்று அஸ்மா நோன்பு வைத்திருந்தார்கள். நோன்போடு குளிப்பாட்டி முடித்து, வெளியே வந்து, தாமும் குளிக்க வேண்டுமா என்று முஹாஜிர்களிடம் மஸ்அலா கேட்டார்கள் என்று இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது.

இரண்டாம் முறையாக இத்தா. கையில் இரண்டரை வயதுக் குழந்தை. உமர் (ரலி) தம் ஆட்சியில் ஆரம்ப முஹாஜிர் பெண்களுக்கு மானியம் வகுத்தபொழுது அஸ்மாவுக்கு 1000 திர்ஹம் எழுதினார்கள். அன்று கடல் கடந்தவள் என்று கேலி செய்தவரே இன்று அவர்களை முதல் வரிசையில் வைத்தார். ஆகவே சோற்றுக்காக அவர்கள் யாரையும் மணக்க வேண்டியிருக்கவில்லை. இதை ஏன் சொல்லுகிறோம் என்றால், விதவைக்கு மறுமணம் என்றதும் அவளுக்குச் சோறு போட ஆளில்லையா என்று கேட்கிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அஸ்மாவுக்கு மானியம் இருந்தது, மதிப்பு இருந்தது, வளர்ந்த பிள்ளைகள் இருந்தார்கள். அப்படியும் அலீ (ரலி) அவர்களுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். அபூபக்கரின் மகன் முஹம்மத், அலீயின் மடியில் வளர்ந்தார். அலீ மூலம் யஹ்யா என்ற மகன் பிறந்தார்.

அந்த வீட்டில் நடந்த ஒரு சிறு சம்பவத்தை இப்னு சஅத் எழுதி வைத்திருக்கிறார். இந்த வரலாற்றில் நமக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. ஜஅபரின் மகனுக்கும் முஹம்மத் என்று பெயர். அபூபக்கரின் மகனுக்கும் முஹம்மத் என்று பெயர். ஒருநாள் இரு முஹம்மதுகளும் என் வாப்பாதான் உயர்ந்தவர், என் வாப்பாதான் உயர்ந்தவர் என்று வழக்காடினார்கள். அலீ (ரலி) அஸ்மாவைப் பார்த்து, நீரே தீர்ப்புச் சொல்லும் என்றார்கள். அஸ்மா சிறிதும் தயங்காமல், அரபியரின் வாலிபர்களில் ஜஅபரைவிடச் சிறந்தவரையும், முதியவர்களில் அபூபக்கரைவிடச் சிறந்தவரையும் நான் கண்டதில்லை என்றார்கள். அப்படியானால் எனக்கென்று நீர் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லையே என்றார்கள் அலீ. அத்துடன், வேறு விதமாகச் சொல்லியிருந்தால்தான் உம்மீது கோபித்திருப்பேன் என்றும் சொன்னார்கள்.

வாசகர்கள் இதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். கைபரின் கதவை அசைத்த வீரர், தம் வீட்டில் அமர்ந்து, தம் மனைவி முந்திய இரு கணவர்களைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மறுமணம் செய்த பெண் மாண்டவரை மறந்துவிட்டாள் என்று ஊர் பேசும். அஸ்மா ஜஅபரை மறக்கவில்லை. மறக்கும்படி யாரும் கேட்கவுமில்லை.

பின்னாட்களில் துயரம் அவர்களை விடவில்லை. துல்ஹுலைஃபாவில் பிறந்த முஹம்மத் 658-ல் எகிப்தில் கொல்லப்பட்டார். செய்தி கேட்ட தாயார் தொழுமிடத்துக்குப் போய் உட்கார்ந்து துக்கத்தை உள்ளே அடக்கிக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். 661-ல் அலீ (ரலி) அவர்களும் கூபாவில் ஷஹீதானார்கள். அதன் பின்பும் அஸ்மா (ரலி) உயிர் வாழ்ந்தார்கள்.

அடுத்த தலைமுறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அலீ, பாத்திமா தம்பதியரின் மகளார் உம்மு குல்ஸூம் (ரலி), 644-ல் உமர் (ரலி) கொல்லப்பட்டதால் இளம் வயதிலேயே விதவையானார்கள். இப்னு சஅத் எழுதியபடி, அவர்களை அஸ்மாவின் மகன் அவ்ன் மணந்தார், அவர் இறந்தார். பின்னர் அவருடைய சகோதரர் முஹம்மத் மணந்தார், அவரும் இறந்தார். மூன்றாவதாக மூத்தவர் அப்துல்லாஹ். உம்மு குல்ஸூம், அஸ்மாவின் முகத்தைப் பார்க்கவே நாணுவதாகச் சொன்னார்களாம். அவருடைய இரு மக்கள் தம்மிடம் இருந்து இறந்துவிட்டார்கள், மூன்றாமவருக்கும் என்ன நேருமோ என்று அஞ்சினார்களாம். நாயகத்தின் பேத்திக்கே அந்தக் கலக்கம் வந்திருக்கிறது. ஆனால் ராசியில்லாதவள் என்று மாமியார் அஸ்மா வாசலை அடைத்ததாக ஒரு செய்தியும் இல்லை. கணவரை இழப்பது என்னவென்று அந்த மாமியாருக்குத் தெரியும்.

இனி, கடைக்கு வந்த பெண்ணின் காரியம். அவள் சம்மதம் பெற்றே எழுதுகிறோம். அவளுடைய உம்மா இருபத்தொன்பது வயதில் கணவரை இழந்தவர்; கையில் இரண்டு பிள்ளைகள். இத்தா முடிந்து சில மாதங்களில் ஒரு நல்ல இடம் கேட்டு வந்தது. குடும்பத்துப் பெரியவர்கள் கூடி, பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பதே மரியாதை என்று முடிவு சொன்னார்கள். அந்தச் சபையில் நாமும் இருந்தோம். மதரஸாவில் ஓதியவன் என்று நம் முகத்தைத்தான் பார்த்தார்கள். கொடுத்த தேநீரைக் குடித்துவிட்டு, பெரியவர்கள் சொன்னால் சரி என்று எழுந்து வந்தோம். அஸ்மாவின் வரலாறு அன்றும் நமக்குத் தெரிந்துதான் இருந்தது.

பதினேழு ஆண்டுகள் போயின. மகளுக்கு நிக்காஹ் ஆகிவிட்டது; மகன் வெளியூரில் வேலை. உம்மா தனியே இருக்கிறார். மனைவியை இழந்த ஒருவர், ஐவேளைத் தொழுகையாளி, முறையாக ஆள் அனுப்பிக் கேட்டிருக்கிறார். உம்மாவின் மனத்திலும் விருப்பம் உண்டு. வாய்விட்டுச் சொல்லத்தான் வெட்கம். காக்காமார் இருவரும், இந்த வயதில் சம்பந்திமார் என்ன நினைப்பார்கள் என்கிறார்கள். ராசியைப் பற்றிய பேச்சும் ஒரு மூலையில் எழுந்திருக்கிறதாம். மாமா, அன்றைக்கு நீங்களும் இருந்தீர்களாமே, இந்த முறையும் வாருங்கள் என்றாள் அந்தப் பெண். அதற்குத்தான் நமக்கு நா எழாமல் போயிற்று.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லுஹருக்குப் பின் அவர்கள் வீட்டில் கூடுகிறார்கள். கடையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு, இப்னு சஅதின் அந்தப் பக்கங்களைக் குறித்து எடுத்துக்கொண்டு நாம் போவதாக இருக்கிறோம்.